பார்வையற்றோருக்கான வழிகாட்டும் கருவிக்கு நிதி: யாரிடம், எந்தக் கட்டத்தில், எவ்வளவு கேட்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். நான்கு பேர் சேர்ந்து, கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டாக, இடுப்பு பெல்ட்டில் மாட்டும் ஒரு கருவி செய்திருக்கிறீர்கள். எதிரே தடை வந்தால் அதிரும். ஊரில் உள்ள சிறப்புப் பள்ளி மாணவர்கள், பெரியவர்கள் என்று நூறு பேருக்கு இலவசமாகக் கொடுக்க ஆசை. எந்த அறக்கட்டளைக்கு எழுதினால் பணம் கிடைக்கும் என்பது கேள்வி. அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: கருவியை ஒழுங்காகச் செய்து முடிக்கப் பணம், அது வேலை செய்கிறதா என்று பார்வையற்றவர்களோடு சோதிக்கப் பணம், முடிந்த கருவியை அவர்கள் கையில் சேர்க்கப் பணம். மூன்றையும் தருபவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு விதிகள். மூன்றையும் ஒரே கடிதத்தில் கலந்து கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள். மூன்றாவதிலிருந்து பின்னோக்கி வருவதுதான் சரியான வழி. ஆயிரமாவது கருவிக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று தெரிந்தால்தான், முதல் கருவியை என்ன விலைக்குள் செய்ய வேண்டும் என்று தெரியும்.

இந்தியாவில் அந்த ஆயிரமாவது கருவிக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் அரசுதான். ஒன்றிய அரசின் ஏடிஐபி திட்டம் 1981 முதல் நடக்கிறது; மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் வாங்கித் தருவது அதன் வேலை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். கடைசியாகத் திருத்தப்பட்ட விதிப்படி மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு விலையும், 30,000 வரை இருந்தால் பாதி விலையும் திட்டம் ஏற்கும். படிக்கும் பிள்ளை என்றால் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஒருமுறை உபகரணம் வாங்கியவர் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓராண்டு போதும். சாதாரண உபகரணத்துக்கான விலை வரம்பு 15,000 ரூபாய். இந்த எண்களைத் திருத்திக்கொண்டே வருவார்கள், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதியின் அமைப்பு மாறுவது அரிது.

இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழியாக நடக்கிறது. முதலில் மதிப்பீட்டு முகாம். அங்கே யாருக்கு என்ன தேவை என்று பதிவு செய்வார்கள். சில மாதம் கழித்து வழங்கும் முகாம். சென்சார் பொருத்திய குச்சி, திரை வாசிப்பு மென்பொருள் போட்ட ஸ்மார்ட்போன் இரண்டும் ஏற்கெனவே இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்களுக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நீங்கள் கொடுக்க நினைக்கும் நூறு பேரில் பலருக்கு, உங்கள் கருவி வரும் முன்பே, ஒரு சென்சார் குச்சி கிடைக்க வழி இருக்கிறது. அடுத்தது, உங்கள் கருவியின் போட்டியாளர் ஐம்பதாயிரம் ரூபாய் வெளிநாட்டு ஸ்மார்ட் கண்ணாடி அல்ல. அரசு இலவசமாகத் தரும் அந்தக் குச்சிதான். விண்ணப்பத்தைப் படிக்கும் எவரும் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

அந்தக் குச்சி எப்படி வந்தது என்பது நிதி தேடுபவர்களுக்கு நல்ல பாடம். ஐஐடி டெல்லியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில் மாணவர் புராஜெக்டாகத்தான் ஸ்மார்ட்கேன் தொடங்கியது. மடக்குக் குச்சியின் கைப்பிடியில் மாட்டும் ஒரு சிறு பெட்டி. காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளை மூன்று மீட்டர் வரை கண்டறிந்து அதிர்வாகச் சொல்லும். உள்ளறைகளுக்கு 1.8 மீட்டர் என்று குறைத்துக்கொள்ளலாம். பயனாளர் சோதனைக்கு டெல்லியின் சக்ஷம் டிரஸ்ட் கூட நின்றது. தயாரிப்புக்குச் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் வந்தது. ஆய்வகப் பொருளைச் சந்தைப் பொருளாக மாற்றும் செலவுக்குப் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் நிதி தந்தது. 2014இல் சுமார் 3,000 ரூபாய் விலையில் வெளியானது. மாணவர் மேசையிலிருந்து கடைக்கு வர ஏறக்குறைய பத்தாண்டு. மின்சுற்று மட்டும் முடிந்தால் போதாது. கைப்பிடி எல்லாக் கைக்கும் பொருந்துவது, கீழே விழுந்தால் உடையாமல் இருப்பது, அதிர்வின் வேறுபாடு நடக்கும்போதே புரிவது போன்றவற்றுக்கும் காலம் பிடிக்கும். ஆய்வகத்தோடு பயனாளர் அமைப்பும் தயாரிப்பு நிறுவனமும் கூட இருந்ததைக் கவனியுங்கள். நிதி தருபவர் பணம் போட்டது சுற்றுப்பலகையை நம்பி அல்ல, அந்த மூவர் கூட்டணியை நம்பித்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே பணம் கேட்கும் முன் உங்கள் பெல்ட்டைச் சற்றுக் கடுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் HC-SR04 மீயொலிச் சென்சார், ஒரு ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு நாணய வடிவ அதிர்வு மோட்டார். அந்தச் சென்சாரின் கதிர் சுமார் 15 டிகிரி அகலம். இடுப்பில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், நேராகப் பார்க்க வைத்தால், இரண்டு மீட்டர் தள்ளி அது பார்க்கும் உச்சி 1.26 மீட்டர்தான். பார்வையற்றவர் நெற்றியில் அடிபடுவது அதற்கு மேலே: தாழ்ந்த மரக்கிளை, வெளியே திறந்த ஜன்னல் கதவு, ஏசி பெட்டி, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம். கீழே முழங்கால் வரை இருப்பதை வெண்கோல் தானே தட்டிக் கண்டுபிடித்துவிடும். நேராகப் பார்க்கும் பெல்ட், பெரும்பாலும் குச்சி சொன்னதையே சற்று முன்னால் சொல்கிறது. 1.6 மீட்டர் உயரத்தை இரண்டு மீட்டர் தூரத்தில் கதிரின் நடுவில் பிடிக்க வேண்டுமானால் சென்சாரைச் சுமார் 17 டிகிரி மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கோணம் வேறு. உள்ளே விடாத சட்டையின் நுனி சென்சார் மேல் விழுந்தால் கருவி ஓயாமல் அதிரும். திறந்த சாக்கடையையும் பள்ளத்தையும் இது கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. இதைப் பயனாளரிடம் முதல் நாளே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் குச்சியை வீட்டில் வைத்துவிட்டுப் பெல்ட்டை நம்பிக் கிளம்புவார்கள். இந்த வகைக் கருவியில் உண்மையான ஆபத்து அதுதான்.

இன்னும் சில. மீயொலி துணி, பஞ்சு மெத்தை போன்ற மென்மையான பரப்பில் உறிஞ்சப்பட்டுவிடும். சாய்வான வழவழப்பான பரப்பில், உதாரணமாகச் சாய்த்து நிறுத்திய கண்ணாடியில், வேறு பக்கம் தெறித்துவிடும். இரண்டிலும் எதிரொலி திரும்பாது, கருவி வழி காலி என்று நினைக்கும். மழையில் இந்தச் சென்சாரின் திறந்த முகம் நனையும். நீர் புகாத ஜேஎஸ்என் வகைக்கு மாறினால் மிக அருகே 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை அதற்குக் குருட்டுப் பகுதி. லேசர் வகைத் தூரமானி சிறியது, துல்லியமானது, ஆனால் நம் ஊர் உச்சி வெயிலில் அதன் எல்லை வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் பள்ளியில் கொடுக்கப் போவதால் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: ஒரே வராந்தாவில் இருபது பிள்ளைகள் இருபது பெல்ட்டோடு நடந்தால், எல்லாமே ஒரே 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிதான். ஒருவரின் ஒலியை இன்னொருவரின் சென்சார் எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் ஒரே கருவியைச் சோதித்தவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அனுப்பும் இடைவெளியை ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாற்றுவதும், அடுத்தடுத்து இரண்டு மூன்று அளவீடு ஒத்துப்போனால் மட்டும் அதிர வைப்பதும் இதை ஓரளவு குறைக்கும். 60 மில்லிவினாடிக்கு ஒரு அளவீடு என்றாலும், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு மூன்று அளவீடு காத்திருப்பது 20 சென்டிமீட்டருக்குள்தான், அதைத் தாங்கலாம்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. சரிசெய்யத்தானே பணம். இந்தக் குறைகளை நீங்களே விண்ணப்பத்தில் எழுதி, எதை எந்தச் செலவில் எப்படித் தீர்ப்போம் என்று சொன்னால், மதிப்பீட்டாளர் உங்களை நம்புவார். உலகிலேயே முதன்முறை என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மீயொலி வழிகாட்டிகள் 1960களிலிருந்தே வருகின்றன. மதிப்பீட்டுக் குழுவில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும்.

முதல் மாதிரியைச் சோதிக்கும் தரத்துக்குக் கொண்டுவர, உங்கள் நிலைக்குப் பொருந்துவது ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம். தொடக்கக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை மானியம். திருப்பித் தர வேண்டாம். நேரடியாகத் துறைக்கு விண்ணப்பிக்க முடியாது, அங்கீகரித்த இன்குபேட்டர்கள் (புதுத் தொழில் வளர்ப்பு மையங்கள்) வழியாகத்தான். கோயம்புத்தூரில் பிஎஸ்ஜி-ஸ்டெப், ஃபோர்ஜ் போன்றவை இந்தப் பணியைச் செய்திருக்கின்றன. எந்த மையம் எப்போது விண்ணப்பம் வாங்குகிறது என்பது ஆண்டுக்காண்டு மாறும், நேரில் கேளுங்கள். இது கையில் தொடக்கூடிய பொருளுக்கான நிதி. செயலி மட்டும் எழுதுகிறோம் என்றால் இங்கே இடமில்லை. அதே துறையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்குமான தொழில்நுட்பங்களுக்கென்றே டைடு என்ற திட்டமும் இருக்கிறது. அது ஆராய்ச்சித் திட்டம். உங்கள் கல்லூரிப் பேராசிரியர் முதன்மை ஆய்வாளராகக் கையெழுத்திட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு கேட்பது அங்கே இயல்பாகப் பொருந்தும். மின்னணு அமைச்சகத்திலும் டைடு 2.0 என்று ஒன்று உண்டு, அது ஸ்டார்ட்அப்களுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான படிவத்தை நிரப்புபவர்கள் ஏராளம்.

நிறுவனமாகப் பதிவு செய்தால் கதவுகள் கூடும், பொறுப்பும் கூடும். 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், முன்மாதிரிக்கும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பிறகு பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ என்று வைத்திருந்தார்கள்; இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆகவே அவசரப்பட்டுக் கம்பெனி ஆரம்பிக்காதீர்கள். பதிவு செய்த அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். தமிழ்நாடு அரசின் டான்சீட் 10 லட்சம் தருகிறது, பெண்கள் தலைமையிலான நிறுவனம் உள்ளிட்ட சில வகைகளுக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒன்றிய அரசின் உயிரித்தொழில்நுட்ப நிதி அமைப்பான பைராக்கின் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட் 50 லட்சம் வரை, 18 மாதத்துக்கு. ஆனால் அங்கே வரும் போட்டி மருத்துவக் கருவிகளோடு. ஒரு பெல்ட், மூன்று வரைபடம் என்று போனால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவீர்கள். பயனாளர் சோதனைத் தரவு கையில் வந்த பிறகு போங்கள்.

பத்து லட்சம் கிடைத்தால் எதில் கரையும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்றில் அல்ல. வெளிக்கூட்டில். முதல் இருபது முப்பது கூட்டைச் சிலிகான் அச்சில் வார்த்தெடுங்கள். ஒரு அச்சு இருபது சொச்சம் பிரதி தாங்கும். எஃகு அச்சு செய்வது சில லட்சம் பிடிக்கும் வேலை, அதற்குப் பிறகு ஒரு பொத்தானை நகர்த்துவதென்றாலும் மறுபடி செலவு. வடிவம் உறைவதற்கு முன் எஃகு அச்சுக்குப் பணம் போட்டுவிட்டு, பயனாளர் சோதனைக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்பது இந்தத் துறையில் வழக்கமான விபத்து. லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப் பதிவு கட்டாயம். பதிவுள்ள செல்லையே வாங்குங்கள், பழைய மடிக்கணினிப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்ததைப் போடாதீர்கள். புளூடூத் வைத்தால் அலைவரிசை அனுமதி தேவைப்படும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மாட்யூலைப் பயன்படுத்தினால் வேலை சுலபம்.

சோதனைக்கு வருகிறேன். நூறு பேர் வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும், ஆனால் கலந்திருக்க வேண்டும்: பிறவியிலேயே பார்வை இல்லாதவர், இடையில் இழந்தவர், தனியாக நடந்து பழகியவர், எப்போதும் ஒருவர் கையைப் பிடித்தே போகிறவர். குறைப்பார்வை உள்ளவர்களின் முடிவைத் தனியாக எழுதுங்கள், இரண்டையும் சேர்த்தால் சராசரிக்குப் பொருளில்லை. சட்டப்படியும் இரண்டும் வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டம், நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் பார்வைக் கூர்மை 3/60க்குக் கீழே (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாத நிலை) என்றாலோ, பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைவு என்றாலோ பார்வையின்மை என்கிறது. ஒரே பாதையில் ஒருமுறை குச்சியோடு மட்டும், ஒருமுறை குச்சியும் பெல்ட்டுமாக. பாதியளவு பேருக்கு வரிசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாதை பழகியதைக் கருவியின் வெற்றி என்று நினைத்துவிடுவீர்கள். எண்ண வேண்டியது மூன்றுதான்: இடுப்புக்கு மேலே எத்தனை முறை மோதினார், எவ்வளவு நேரம் ஆனது, தேவையில்லாமல் எத்தனை முறை அதிர்ந்தது. பிறகு கருவியைக் கையில் கொடுத்தனுப்பி நான்கு வாரம் கழித்துக் கேளுங்கள், இன்னும் கட்டுகிறாரா என்று. நிதி தருபவர் பார்க்க விரும்பும் எண் இந்த நான்காவதுதான். உதவி உபகரணங்களில் கணிசமானவை அலமாரிக்குப் போய்விடுகின்றன என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்குங்கள். அது இல்லாமல் எடுத்த தரவைப் பிறகு எந்த விண்ணப்பத்திலும் காட்ட முடியாது. ஒப்புதல் படிவம் பிரெயிலிலோ ஒலிப்பதிவாகவோ இருக்க வேண்டும். வாசித்துக் காட்டி, சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கலாம். சிறுவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும். முதல் சோதனை போக்குவரத்து உள்ள சாலையில் வேண்டாம். பயிற்சி பெற்ற நடமாட்டப் பயிற்றுநர் ஒரு அடி பின்னால் நடக்க வேண்டும். பூந்தமல்லியில் உள்ள தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இதற்கு நல்ல தொடக்கப் புள்ளி.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்ட நூறு கருவி. இதற்கு உரியது நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதி, அதாவது சமூகப் பொறுப்புக்காக அவை ஒதுக்கும் பணம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் சுகாதாரமும் வருகிறது, மாற்றுத்திறனாளிகளின் கல்வியும் தொழில்திறனும் வருகிறது. ஆனால் மாணவர் குழுவுக்கோ உங்கள் தனியார் கம்பெனிக்கோ அந்தப் பணத்தை மானியமாகத் தர முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமற்ற 8ஆம் பிரிவு நிறுவனம் இவற்றில் ஒன்றாக இருந்து, வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு எண்ணும், குறைந்தது மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். அப்படி ஒரு அமைப்பை நீங்கள் உருவாக்க வேண்டாம், உங்கள் மாவட்டத்தில் பார்வையற்றோருக்காக ஏற்கெனவே வேலை செய்யும் ஒன்றோடு சேருங்கள். விண்ணப்பம் அவர்களுடையது, நீங்கள் கருவி வழங்குபவர்.

யாருக்கு எழுதுவது என்பதற்கு அறக்கட்டளைப் பட்டியல்களைத் தேடி அலைய வேண்டாம். ஒன்றிய அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில், எந்தத் துறையில், எவ்வளவு செலவிட்டது என்று இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தருவது வழக்கம். உங்கள் மாவட்டத்தில் ஆலையோ பெரிய கிளையோ உள்ள, கடந்த ஆண்டுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிட்ட ஐந்து நிறுவனங்களைப் பொறுக்குங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட இது பலன் தரும். நிதியாண்டின் தொடக்கத்தில் பட்ஜெட் முடிவாகும். ஜனவரிக்கு மேல் மீதிப் பணத்தைச் செலவழிக்கும் அவசரம் வரும். அந்த அவசரத்தில் வரும் பணம் மார்ச் 31க்குள் கருவியைக் கொடுத்து முடி என்று கேட்கும், பயிற்சிக்கு நேரமிருக்காது. முடிந்தால் முதல் பாதியிலேயே பேசுங்கள்.

செலவுத் திட்டத்தை இப்படிப் போடலாம். எண்கள் உங்கள் ஊருக்கேற்ப மாறும், விகிதத்தைப் பாருங்கள். கருவி ஒன்று 4,000 வீதம் நூறுக்கு 4 லட்சம். மாற்றுக் கருவி பத்து, 40,000. ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநர், ஒரு அணிக்கு ஐந்து நாள், ஆக இருபது அணிக்கு நூறு பயிற்றுநர்-நாள். நாளுக்கு 1,500 என்றால் 1.5 லட்சம். பயனாளரின் போக்குவரத்தும் சாப்பாடும் நாளுக்கு 300 வீதம் 1.5 லட்சம். ஓராண்டுப் பழுதுநீக்கமும் பேட்டரியும் 60,000. தொடக்கக் கணக்கெடுப்பு, மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் தொடர்கணிப்பு 50,000. மொத்தம் 8.5 லட்சம். நூறு கருவியின் விலை அதில் பாதிகூட இல்லை. முதல் முறை எழுதுபவர்கள் 4 லட்சத்தோடு நிறுத்திவிடுவார்கள், குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்பில். ஆறாம் மாதம் பேட்டரி போன கருவியோடு பிள்ளைகள் வந்து நிற்கும்போது கையில் காசு இருக்காது. இன்னொன்று, நிர்வாகச் செலவு 15 சதவீதம் என்று ஒரே வரியாக எழுதாதீர்கள். விதியில் வரும் 5 சதவீத உச்சவரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செலவிடுவதற்கானது. ஆனாலும் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். பயிற்றுநர் சம்பளம், பயணம், கணிப்பு என்று திட்டத்தின் நேரடிச் செலவாகப் பிரித்தே எழுதுங்கள், உண்மையும் அதுதான்.

வெளிநாட்டு அறக்கட்டளைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டாளி அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. எனவே பெரிய அமைப்பு வாங்கி உங்கள் அறக்கட்டளைக்குப் பிரித்துத் தரும் என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. மக்களிடம் இணையத்தில் நிதி திரட்டுவது சட்டப்படி எளிது, ஆனால் கருவிகளுக்கு அது சரிவருவது குறைவு. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்குத் தருபவர் ஒரு பெல்ட்டுக்குத் தருவதில்லை. படத்தில் பிள்ளைகளைப் பரிதாபமாகக் காட்டிப் பணம் திரட்டும் யோசனை யாருக்காவது வந்தால், முதலில் அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கருவியோடு செல்போன் செயலியும் சேர்க்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். செய்ய வேண்டாம் என்பேன், குறைந்தது இப்போதைக்கு. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற ஒலிவழி வழிகாட்டிச் செயலியைப் பலர் விரும்பினார்கள், 2023இல் நிறுத்திவிட்டது. மூலநிரலைப் பொதுவில் விட்டதால் வேறு சிலர் அதை எடுத்துத் தொடர்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே பராமரிப்பைச் சுமக்க விரும்பவில்லை. ஆண்ட்ராய்டு ஒவ்வோர் ஆண்டும் மாறும்போது உங்கள் செயலியைத் திருத்த யார் சம்பளம் தருவார்கள்? செயலி செய்யத் தரும் மானியங்கள் உண்டு. செயலியை ஐந்தாண்டு உயிரோடு வைக்கத் தரும் மானியத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கெல்லாம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். அந்த நூறு பேருக்கு இப்போதே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. யாரிடமெல்லாம் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையோ அவர்களுக்கு ஸ்வாவ்லம்பன் தளத்தில் பதிவு செய்து கொடுங்கள். அது இல்லாமல் எந்தத் திட்டமும் நகராது. உங்கள் குழுவில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு மடிக்கணினி, இரண்டு சனிக்கிழமை போதும். வருமானச் சான்று, ஆதார், புகைப்படம் சேர்த்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்தால், அலிம்கோவின் அடுத்த மதிப்பீட்டு முகாம் எப்போது என்றும் தெரிந்துவிடும். மடக்குக் குச்சி, பிரெயில் கைக்கடிகாரம், தகுதி உள்ளவர்களுக்கு ஸ்மார்ட்போன் ஆகியவற்றை மாநில அரசும் தருகிறது. அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமக்ர சிக்ஷாவின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, வட்டார வளமையத்தில் கேட்க வேண்டும். வேலையில் இருப்பவர் தன் முதலாளியிடம் கேட்கலாம். ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு உதவி உபகரணம் தருவது பற்றி 2014 மார்ச் 31 தேதியிட்ட பணியாளர் துறைச் சுற்றறிக்கை உண்டு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் 2016 சட்டத்தின் கீழ் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதில் உதவி உபகரணமும் இடம்பெற வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு, மானிய வரம்பைத் தாண்டிய விலையுள்ள கருவி வேண்டுமென்றால், தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் குறைந்த வட்டிக் கடன் இருக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய்க் குச்சிக்குக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். தொழிலுக்கான கடனோடு சேர்த்துக் கேட்பதற்கு அது உதவும்.

உங்கள் பெல்ட் சோதனைக்குத் தயாராகும்போது, அந்த நூறு பேரில் யாரிடம் அரசு தந்த சென்சார் குச்சி இருக்கிறது, அவர்கள் அதை ஏன் பயன்படுத்துகிறார்கள் அல்லது ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கும். அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள்.